கச்சேரிப் பதிவை உள்ளபடி கேட்க: ஹெட்போன் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே கச்சேரிப் பதிவை மூன்று ஹெட்போன்களில் அடுத்தடுத்துக் கேட்டால் மூன்று தனித்தனிக் கச்சேரிகளைக் கேட்டதுபோல் இருக்கும். ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த நாதம் தரும் இடப்பக்கம்) மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். இன்னொன்றில் வயலின் வில்லின் உரசல் பாட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். மூன்றாவதில் பாடகர் மேடையின் கோடிக்குப் போய்விட்டாரோ என்று தோன்றும். பதிவு மாறவில்லை, கேட்கும் கருவிதான் மாறியிருக்கிறது. பதிவில் உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் காதுக்குக் கொண்டு சேர்க்கும் ஹெட்போனை எப்படி அடையாளம் காண்பது என்பதைக் கர்நாடக சங்கீதம் கேட்பவரை மனத்தில் வைத்து இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

நான் சொந்தக் காசில் வாங்கிய முதல் நல்ல ஹெட்போன் கடையில் கேட்டபோது மிகவும் பிடித்திருந்தது. அங்கே ஒலித்த பாட்டில் தாளம் நெஞ்சில் இடித்தது, ஒலி பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வீணைத் தனிக் கச்சேரியைக் கேட்டபோதுதான் குறை தெரிந்தது. மந்திர ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் இழுத்துச் செல்லும் அந்தக் கமகம் முழுவதும் ஒரே கனத்த முழக்கமாகக் கேட்டது. எந்த ஸ்வரத்தில் தொடங்கி எங்கே போய் நின்றது என்பதே புலப்படவில்லை. கடையில் பிடித்துப்போவதும் உள்ளதை உள்ளபடி ஒலிப்பதும் வேறு வேறு என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அதனால் எந்த ஹெட்போன் என்று தேடுவதற்கு முன்னால் எதை வைத்துச் சோதிப்பது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள் என்பேன்.

முதல் படி: உரைகல்லைத் தயார் செய்துகொள்ளுதல்

தங்கத்துக்கு உரைகல் இருப்பதுபோல ஹெட்போனுக்கும் நான்கு பதிவுகள் வேண்டும். தனித் தம்புரா ஒன்று, வயலின் பக்கவாத்தியத்துடன் ஒரு பெண் குரல், அருகில் மைக் வைத்துப் பதிவு செய்த மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்று, பழைய மோனோ கச்சேரிப் பதிவு ஒன்று. நான்கும் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவையாக இருக்க வேண்டும்.

தம்புராவை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த சுரங்கள்) அதில் ஒலிக்கக் கூடாது என்பது தந்திகளைப் பற்றிய பொது விதி. தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை, அவற்றின் வளைந்த குதிரை அந்த மேற்சுரங்களையும் எழுப்பிவிடுகிறது என்று சி. வி. ராமன் 1921-இல் எழுதினார். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூலைச் சற்றே நகர்த்தினால் தம்புராவின் நாதம் முழுதும் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். 1 கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கான தம்புராவில் மந்திர ஷட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதன் மேற்சுரங்களோ பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை அடுக்கடுக்காக எழுகின்றன. ஆகவே கீழிருந்து மேல் வரை ஒரு ஹெட்போன் எந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, எந்த இடத்தில் மேடு தட்டியிருக்கிறது என்பதை ஒரே மீட்டில் காட்டிக் கொடுக்கும் வாத்தியம் தம்புராதான். இதற்கு நிஜத் தம்புராவின் பதிவையே பயன்படுத்துங்கள். மின்னணுச் சுருதிப் பெட்டி பாடுவதற்கு உதவும், சோதனைக்கு உதவாது.

மிருதங்கம் வேறொரு வகையில் உதவுகிறது. சாதாரணத் தோல் வாத்தியங்களின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்துடன் பொருந்தி வருவதில்லை. வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தின் நடுவே இருக்கும் சோறு என்ற கறுப்புப் பூச்சுதான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து சுருதி சேர வைக்கிறது. இதைப் பற்றியும் ராமன் 1920-இல் எழுதியிருக்கிறார். நல்ல ஹெட்போனில் வலந்தலையின் ‘தீம்’ சுருதியோடு சேர்ந்து, கார்வையோடு அடங்க வேண்டும். தொப்பியின் கும்கியில் நாதம் வளைந்து ஏறுவது ஒரு கோடுபோலப் பின்தொடரக் கூடியதாக இருக்க வேண்டும். வெறும் அதிர்வாக மட்டும் கேட்டால் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிப் பகுதி மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சபாவில் கேட்ட மிருதங்க ஒலியை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். பல அரங்குகளில் ஒலிபெருக்கி அமைப்பே தொப்பியை ஊதிப் பெருக்கி வைத்திருக்கிறது. ஒரு வித்வான் வீட்டில் மைக் இல்லாமல் பயிற்சி செய்யும்போது பத்து அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் அதைத் தவற விடாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் பல ஹெட்போன் விமர்சனங்களைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

இரண்டாம் படி: எங்கே கேட்கப் போகிறீர்கள்?

அமைதியான அறையில், தனியாகக் கேட்பவர் பின்புறம் திறந்த ஹெட்போனையே முதலில் பார்க்க வேண்டும். ஒலி எழுப்பும் சவ்வின் பின்பக்கத்து ஒலி வெளியே போய்விடுவதால், மூடிய கிண்ணத்துக்குள் அது எதிரொலித்துத் திரும்பிவந்து குரலின் நிறத்தைக் கெடுப்பதில்லை. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் எச்.டி. 414 என்ற திறந்த வகை ஹெட்போனைக் கொண்டுவந்தது முதல் இன்றுவரை, வீட்டில் அமர்ந்து கேட்பதற்கான சிறந்த ஹெட்போன்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஆனால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். தலைக்கு மேலே மின்விசிறி ஓடும் அறையில் அந்தக் காற்றின் இரைச்சல் தம்புராவின் மெல்லிய மேற்சுரங்களை மூடிவிடுகிறது என்பது நம் ஊர் வீடுகளில் உண்மையான சிக்கல். விசிறியை நிறுத்தி வைத்துக் கேட்க முடியாதவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூடிய வகை வெளிச்சத்தத்தை ஓரளவு தடுக்கும். இதன் பலவீனம் காதைச் சுற்றி உட்காரும் மெத்தையின் பிடிப்பில் இருக்கிறது. மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் சிறு இடைவெளி விழுந்தாலும் கீழ்ப்பகுதி ஒலி கசிந்துவிடும். மூக்குக் கண்ணாடியின் காதுக்கம்பி, அடர்ந்த கூந்தல், ஜிமிக்கி ஆகிய ஒவ்வொன்றும் பேஸைக் குறைக்கப் போதுமானவை. ஒருவருக்குக் கனமாகக் கேட்ட அதே ஹெட்போன் இன்னொருவருக்குச் சோகையாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் ரசனை வேறுபாடு அல்ல, இந்தக் கசிவுதான்.

பேருந்திலும் ரயிலிலும் கேட்பவருக்குக் காதுக்குள் செருகும் இயர்போன் பொருத்தமானது. காதுக்குழாயை நன்றாக அடைத்து உட்கார்ந்தால் துல்லியத்தில் அது பெரிய ஹெட்போனுக்குச் சளைத்ததல்ல. எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஈ.ஆர்.4 ஆய்வுக்கூடத் துல்லியத்தை நோக்கமாகக் கொண்டு உருவானது. ஆழமாகச் செருக வேண்டியிருப்பதால் எல்லோருக்கும் சௌகரியமாக இருக்காது, ஆனாலும் அதன் நேர்மை இன்றும் மதிக்கப்படுகிறது. எந்த இயர்போனாக இருந்தாலும் பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் முயன்று பாருங்கள். இரண்டு காதுக்கும் இரண்டு அளவு தேவைப்படுவது சாதாரணம். காதின்மேல் அழுந்தி உட்காரும் சிறிய ஹெட்போன்களை மட்டும் இந்த நோக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அவற்றின் ஒலி ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மாறுகிறது.

மூன்றாம் படி: அதிர்வெண் வரைபடத்தைப் படிக்கக் கற்றல்

பெட்டியின்மேல் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அந்த எல்லைகளுக்கு நடுவே எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்வது, செயற்கைக் காதில் மாட்டி அளந்த அதிர்வெண் வரைபடம். இணையத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரபலமான ஹெட்போன்களுக்கும் இது கிடைக்கிறது. ஆனால் அதைப் படிக்கும்போது முதலில் எல்லோரும் செய்யும் தவறு, கோடு நேராக இருந்தால் துல்லியமானது என்று நினைத்துவிடுவது.

அது தவறு என்பதற்குக் காரணம் நம் காதிலேயே இருக்கிறது. காதுக்குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளம் கொண்ட, ஒரு முனை மூடிய குழாய். அப்படிப்பட்ட குழாய் 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் இயல்பாகவே ஒத்ததிர்கிறது. வெளியே ஒருவர் பாடும்போது காது மடல், அதன் குழிவு, காதுக்குழாய் எல்லாம் சேர்ந்து அந்தப் பகுதியைப் பத்து டெசிபலுக்கும் மேலாக உயர்த்தித்தான் செவிப்பறையிடம் ஒப்படைக்கின்றன. பிறந்தது முதல் அப்படியே கேட்டுப் பழகிய மூளைக்கு அதுவே இயல்பான குரல். ஆகையால் செவிப்பறையின் இடத்தில் அளந்த வரைபடத்தில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு இருந்தால்தான் ஹெட்போன் நமக்குச் சமநிலையாகக் கேட்கும். அங்கே மேடே இல்லாத ஹெட்போனில் பாடகர் பின்வாங்கி நிற்பார், சாகித்யத்தின் எழுத்துகள் மழுங்கும். மேடு அளவுக்கு மிஞ்சினால் தார ஸ்தாயியில் பெண் குரலும் வயலினும் காதைக் குத்தும்.

அந்த மேடு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், பேஸ் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக ஒலி வரும் அறையை அடிப்படையாகக் கொண்ட பரவல்புல இலக்கை 1980-களில் பல நிறுவனங்கள் பின்பற்றின. பிறகு ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் கேட்பவர்களை உட்காரவைத்து, எந்த ஹெட்போன் என்று தெரியாத நிலையில் ஒப்பிடச் செய்து, 2013 முதல் ஓர் இலக்குக் கோட்டை வெளியிட்டார்கள். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி எப்படிக் கேட்குமோ அதற்கு நெருக்கமான ஒலியையே பெரும்பாலோர் விரும்பினார்கள் என்பது அவர்கள் கண்டது. அதனால் அந்தக் கோட்டில் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சில டெசிபல் உயர்ந்திருக்கும்.

இங்கே என் சொந்த முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஹார்மன் இலக்கு நல்ல தொடக்கப்புள்ளி. ஆனால் நம் கச்சேரிப் பதிவுகள் பலவற்றில் தொப்பிக்கு மிக அருகில் மைக் வைத்திருப்பதால் பேஸ் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைக்கும் அளவுக்கு உயர்ந்த ஒலி தாழ்ந்ததை மறைப்பதில்லை என்பது செவிப்புலனின் இயல்பு. எனவே பேஸில் சேர்த்த ஒவ்வொரு டெசிபலும் தம்புராவையும் குரலின் நுணுக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். கர்நாடக சங்கீதத்துக்கு ஹார்மன் கோட்டைவிட பேஸ் 2 அல்லது 3 டெசிபல் குறைவாக உள்ள ஹெட்போன் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். இயர்போன்களுக்கான ஹார்மன் கோட்டில் பேஸ் இன்னும் அதிகம் என்பதால் அங்கே இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகிறது.

வரைபடத்தைப் பார்க்கும்போது மூன்று பகுதிகளில் கண் நிற்கட்டும். 60 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை தொப்பியும் ஆண் குரலின் அடித்தளமும் மந்திர ஸ்தாயி வீணையும் வாழும் இடம். 200 ஹெர்ட்ஸ் பக்கம் வீங்கியிருந்தால் எல்லாம் ஒரு பானைக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும். 5 கட்டையில் பாடும் பெண் குரலின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது 1,000 முதல் 4,000 வரை. குரலின் முகம் இங்கேதான் இருக்கிறது, இந்தப் பகுதியில் திடீர்ப் பள்ளமுள்ள ஹெட்போனை வேறு எந்தச் சிறப்புக்காகவும் வாங்க வேண்டாம். மூன்றாவது 6,000 முதல் 9,000 வரை. இங்கே கூர்முனை இருந்தால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறும், கடத்தின் விரல் தட்டு ஊசிபோல் பாயும். இதற்கு மேலே உள்ள பகுதியில் வரைபடத்தை அதிகம் நம்ப வேண்டாம். அங்கே அளவு, காதுக்குக் காது மாறும். இயர்போன்களின் வரைபடத்தில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் தெரியும் சிகரம் பல நேரங்களில் அளக்கும் குழாயின் ஒத்ததிர்வே தவிர இயர்போனின் குறை அல்ல. வேறுவேறு கருவிகளில் அளந்த இரண்டு வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவதையும் தவிர்க்கவும்.

நான்காம் படி: மின்பொருத்தம்

ஹெட்போனின் ஓம் எண்ணும் டெசிபல் எண்ணும் சேர்ந்துதான் பொருள் தரும். ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும் ஹெட்போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கச்சேரியின் உச்சக் கணங்களுக்காக 110 டெசிபல் வரை இடம் வேண்டும் என்றால் 25 மில்லிவாட் தேவை. அதன் மின்தடை 300 ஓம் என்றால் அதற்கு ஏறத்தாழ 2.7 வோல்ட் வேண்டும். 32 ஓம் என்றால் 0.9 வோல்ட் போதும். போனில் செருகி ஹெட்போனை இணைக்கும் சிறிய மாற்றிகள் பல சுமார் 1 வோல்ட் தருகின்றன. ஆகவே 32 ஓம் ஹெட்போனுக்கு அது போதும். 300 ஓம் ஹெட்போனுக்கு அதே 1 வோல்ட் 101 டெசிபல் வரை மட்டுமே கொண்டுசெல்லும். புதிய பதிவுகளுக்கு இதுவே பெரும்பாலும் போதும் என்றாலும், தாழ்ந்த அளவில் பதிவான பழைய கச்சேரிகளைக் கேட்கும்போது போதாமை தெரியும். அப்போது தனி ஆம்ப்ளிஃபயர் தேவை. சில நிறுவனங்கள் மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், சில வோல்ட்டுக்கு இத்தனை என்றும் குறிக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். 32 ஓம் ஹெட்போனில் இந்த இரண்டு கணக்குக்கும் இடையே 15 டெசிபல் வித்தியாசம் வரும். இதை அறியாமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடை பலரும் கவனிக்காத இடம். பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் அலகுகள்) கொண்ட இயர்போன் ஒன்றின் மின்தடை ஓர் அதிர்வெண்ணில் 5 ஓம், இன்னொன்றில் 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஓம் வெளியீட்டு மின்தடை கொண்ட கருவியில் செருகினால் அந்த இரண்டு அதிர்வெண்களுக்கும் இடையே சுமார் 8 டெசிபல் ஏற்றத்தாழ்வு புதிதாக முளைக்கும். 1 ஓம் கருவியில் அது ஒன்றரை டெசிபலுக்குள் அடங்கும். ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாத வெளியீட்டு மின்தடை போதுமான பாதுகாப்பு. இதற்கு மேல் கேபிளுக்கும் தங்க முலாமுக்கும் பணம் செலவழிப்பதால் ஒலியில் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பணத்தை ஹெட்போனிலேயே போடுவது நல்லது.

ஐந்தாம் படி: கையில் எடுத்துக் கேட்டுச் சோதித்தல்

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குவது முதல் வேலை. இரண்டில் ஒன்று ஒரு டெசிபல் உரக்க ஒலித்தாலே அது தெளிவானது, இனிமையானது என்று காது தீர்ப்பு வழங்கிவிடும். ஒலியளவு மாறினால் பேஸும் உச்சியும் (மிக உயர்ந்த ஒலிப் பகுதியும்) கேட்கும் விகிதமும் மாறும் என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள். கடையில் உரக்க வைத்துக் கேட்கும் எந்த ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். ஆலாபனையின் ஒரு பகுதியை எடுத்து, குரல் இரண்டிலும் ஒரே உயரத்தில் கேட்கும் வரை அளவைக் குறைத்துச் சரிசெய்த பிறகே ஒப்பிடத் தொடங்குங்கள். வீட்டில் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவே அந்த அளவாக இருக்கட்டும்.

பிடிப்பைச் சோதிக்க 40 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை மெதுவாக ஒலிக்க விட்டு, காது மெத்தைகளை உள்ளங்கையால் இலேசாக அழுத்திப் பாருங்கள். மூடிய வகையில் அழுத்தியதும் ஒலி திடீரென்று பெருகினால் அழுத்தாதபோது கசிவு இருக்கிறது. கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடும் இல்லாமலும் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்து அந்தப் பழைய மோனோ பதிவை எடுங்கள். மோனோவில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகிறது. எனவே குரல் தலையின் நட்டநடுவில், ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். மந்திர ஸ்தாயியிலிருந்து தார ஸ்தாயி வரை பாடகர் ஏறி இறங்கும்போது குரல் இடமோ வலமோ நழுவினால் இரண்டு டிரைவர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். உடனே ஹெட்போனைத் திருப்பி, இடதை வலக் காதிலும் வலதை இடக் காதிலும் மாட்டுங்கள். நழுவும் திசையும் திரும்பினால் குறை ஹெட்போனில் இருக்கிறது. திசை மாறாமல் இருந்தால் அது உங்கள் காதின் இயல்பு. பல வருடங்களாக இந்தச் சோதனையைத்தான் நான் மிகவும் நம்பி வந்திருக்கிறேன். விலை உயர்ந்தவை என்பதால் டிரைவர்கள் பொருந்தியிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

தம்புராப் பதிவில் நான்கு தந்திகளும் தனித்தனியாகவும் சேர்ந்தும் கேட்கின்றனவா, மந்திர ஷட்ஜத்தை மீட்டிய சில கணங்களுக்குப் பிறகு அதிலிருந்து காந்தாரம் தானாக எழுகிறதா என்று கவனியுங்கள். அடிப்படைச் சுரத்தை முதலாவதாக எண்ணினால் அது வரிசையில் ஐந்தாவது. நல்ல தம்புராப் பதிவிலும் அது கேட்கவில்லை என்றால் ஹெட்போன் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறது. பெண் குரல் பதிவில் வயலின் குரலைத் தொடர்ந்து வாசிக்கும் இடங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடாமல், ஒன்றின் பின் ஒன்று நிற்கும் இடைவெளி தெரிய வேண்டும். தனியாவர்த்தனத்தில் வலந்தலையின் சாப்பு என்ற அடி ஒவ்வொரு முறையும் ஒரே கூர்மையுடன் வருகிறதா, தொப்பி அடங்கும் முன் அடுத்த சொல் அதில் மூழ்கிப்போகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஆனால் கடைசிச் சோதனைக்கு ஒரு முழுக் கச்சேரியின் நேரம் வேண்டும். இரண்டரை மணி நேரம் தலையில் இருந்த பிறகு காது மடல் வலித்தால், உச்சந்தலை அழுந்தினால், காது களைத்துப் போனால் அந்த ஹெட்போன் உங்களுக்கானது அல்ல. திருப்பி அனுப்பும் வசதியோடு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். நூறு மணி நேரம் ஓடினால் ஒலி திருந்திவிடும் என்று விற்பவர் சொன்னால் அதற்காகக் காத்திருந்து திருப்பி அனுப்பும் நாளைத் தவறவிட வேண்டாம். மெத்தை கொஞ்சம் இளகும், உங்கள் காது கொஞ்சம் பழகும், அதற்கு மேல் பெரிய மாற்றம் எதுவும் வராது.

சில பெயர்கள்

திறந்த வகையில் 1997-இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 600 குரலுக்கு இன்றும் என் முதல் பரிந்துரை. 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அதன் நேர்மையை மிஞ்சுவது கடினம். மெத்தை முதல் கேபிள் வரை ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கி மாற்றலாம். 300 ஓம் என்பதால் நல்ல ஆம்ப்ளிஃபயர் வேண்டும். மிகத் தாழ்ந்த பேஸ் சரிவதால் தொப்பியின் அடி கொஞ்சம் இளைத்துக் கேட்கும். அந்த அடியும் முழுமையாக வேண்டும் என்பவர் ஹைஃபைமேன் சுந்தரா போன்ற, தட்டையான சவ்வு கொண்ட பிளேனர் வகையைப் பார்க்கலாம். இவற்றில் கீழ்ப்பகுதி நேராக ஓடுகிறது. மூடிய வகையில் ஏ.கே.ஜி. கே371 ஹார்மன் இலக்கை நெருக்கமாகப் பின்பற்றுகிறது, ஆனால் பிடிப்புச் சோதனையில் பலருக்குத் தோற்கும். பதிவுக்கூடங்களில் பல்லாண்டுகளாகப் புழங்கும் சோனி எம்.டி.ஆர்.-7506 குறைகளைத் தேடிப் பிடிக்கும் தொழிலுக்கு ஏற்றது. அதன் உச்சி ஒலி எடுப்பாக இருப்பதால் ஒரு முழுக் கச்சேரி கேட்பவருக்குச் சோர்வு தரும். பையர்டைனமிக் டி.டி. 990 இந்த விஷயத்தில் இன்னும் கூரானது. குறைந்த விலை இயர்போன்களில் மூன்டிராப், டிரூத்இயர் போன்ற நிறுவனங்கள் இலக்குக் கோட்டை வைத்தே ஒலியமைப்பதால், பத்து மடங்கு விலையுள்ள பழைய மாதிரிகளைவிட நேர்மையானவை அங்கே கிடைக்கின்றன.

மீதியை ஈக்வலைசரில் திருத்துதல்

எந்த ஹெட்போனும் முழுக்கப் பொருந்தாது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ., ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்களால் எஞ்சிய குறைகளைத் திருத்தலாம். இதைத் தூய்மைக் கேடாக நினைக்கத் தேவையில்லை. முதலில் மொத்த ஒலியளவை, நீங்கள் எவ்வளவு உயர்த்தப் போகிறீர்களோ அவ்வளவு டெசிபல் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உச்சக் கணங்கள் நெரியும். பிறகு பேஸை 1 டெசிபல் படிகளில் குறைத்துப் பாருங்கள், கும்கி தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். சீறல் இருந்தால் 6,000-இலிருந்து 9,000 வரை மெதுவாக ஏறும் தொனியை ஓடவிட்டு, எங்கே திடீரென்று குத்துகிறதோ அந்த அதிர்வெண்ணில் மட்டும் ஒரு குறுகிய பள்ளத்தை வெட்டுங்கள். குறுகலான பள்ளங்களை உயர்த்தி நிரப்ப முயல வேண்டாம், பெரும்பாலும் அது பலன் தராது.

பதிவின் தரமும் வயர் இல்லாத இணைப்பும்

320 கிலோபிட் எம்.பி.3-க்கும் குறுந்தகட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இரண்டு ஹெட்போன்களுக்கு இடையிலான வித்தியாசம் பல மடங்கு பெரியது. புளூடூத் ஹெட்போனில் கவலைப்பட வேண்டியது கோடெக்கைப் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை) பற்றியல்ல, உள்ளே இருக்கும் சிப் தன் விருப்பப்படி ஒலியை மாற்றுவதைப் பற்றித்தான். சத்தம் குறைக்கும் வசதியைப் போட்டால் ஒரு ஒலி, அணைத்தால் வேறு ஒலி என்று சிலவற்றில் ஆகிவிடுகிறது. துல்லியமே நோக்கம் என்றால் வயர் உள்ளதை வாங்குங்கள்.

ஒலியளவும் பராமரிப்பும்

காது கெட்டுவிட்டால் எந்த ஹெட்போனும் உதவாது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அளவு 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைகிறது, அதாவது 83 டெசிபலில் 20 மணி நேரம், 86-இல் 10 மணி நேரம். திறந்த வகை ஹெட்போனை இரைச்சலான இடத்தில் மாட்டிக்கொண்டு அளவை ஏற்றுவதுதான் இந்த எல்லையைத் தாண்டும் சுலபமான வழி.

செயற்கைத் தோல் மெத்தைகள் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஓரிரு வருடங்களில் உரியத் தொடங்கும். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வியர்வையோடு பைக்குள் போட்டு மூட வேண்டாம். வெல்வெட் மெத்தை வெயில் காலத்துக்குச் சுகமானது, ஆனால் மெத்தையின் துணியும் தடிமனும் மாறினால் ஒலியும் மாறும் என்பதால் அதே நிறுவனத்தின், அதே மாதிரிக்கான மெத்தையையே வாங்க வேண்டும். மெத்தை தட்டையாகிக் காது டிரைவரை நெருங்கும்போது பேஸும் உச்சியும் மெல்ல இடம் மாறுகின்றன. தினமும் கேட்பவருக்கு அது தெரியாது. புதிதாக வாங்கிய நாளிலேயே தம்புராப் பதிவையும் மோனோ பதிவையும் கேட்டு, காந்தாரம் எப்படி எழுந்தது, குரல் எங்கே நின்றது என்று நான்கு வரி எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே அளவில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதியதற்கும் கேட்பதற்கும் பொருத்தம் குறைந்தால் மெத்தையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.